ஸ்கேனில் ஒன்றுமில்லை, ஆனால் வலி இருக்கிறது

எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வரும் இளம்பெண்களில் சிலர், தம் வயதுக்குப் பொருந்தாத கனத்த கோப்பு ஒன்றைக் கையில் ஏந்தி வருகிறார்கள். இருபத்திரண்டு, இருபத்தைந்து வயதுதான் இருக்கும். கோப்பினுள் மூன்று ஊர்களில் எடுத்த ஸ்கேன் படங்கள், சிறுநீர்ப் பரிசோதனை முடிவுகள், மாத்திரைச் சீட்டுகள்; சிலரிடம் குடல்வாலை அகற்றிய அறுவை சிகிச்சையின் குறிப்பும் இருக்கும். வலது அடிவயிறு வலித்தது, குடல்வாலை எடுத்தார்கள், வலி மட்டும் போகவில்லை. ஸ்கேன் அறிக்கைகள் யாவும் ஒரே வரியில் முடிகின்றன: குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் காணப்படவில்லை. "எல்லாரும் ஒன்றுமில்லை என்கிறார்கள் டாக்டர், ஆனால் எனக்கு வலிக்கிறதே" என்று அவர்கள் சொல்லும்போது, உடன் வந்த தாயாரின் முகத்தில் கவலையும் சலிப்பும் சேர்ந்தே தெரியும்.

இக்கட்டுரை அவர்களுக்காகவும் அவர்தம் வீட்டாருக்காகவும் எழுதப்படுகிறது. இதில் தாம்பத்திய உறவைப் பற்றியும் மறைக்காமல் பேச வேண்டியுள்ளது. காத்திருப்போர் கூடத்தில் அமர்ந்து படிக்கக் கூச்சமாக இருந்தால் வீட்டுக்கு எடுத்துச் சென்று படியுங்கள். இங்கே சொல்லப்படுபவை எந்த ஒருவரின் கதையும் அன்று; பலரிடம் பல ஆண்டுகளாகக் கேட்டவற்றின் பொதுவடிவம்.

ஸ்கேன் காட்டுவதும் காட்டாததும்

தொப்புளுக்குக் கீழே, இடுப்பெலும்புகளுக்கு நடுவே, ஆறு மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலியை நாட்பட்ட அடிவயிற்று வலி என்கிறோம். இடையறாது இருக்கலாம், மாதவிலக்கை ஒட்டி மட்டும் வரலாம், சிறுநீர் கழிக்கையில், மலம் கழிக்கையில், உறவின்போது எனக் குறிப்பிட்ட வேளைகளில் மட்டும் தலைகாட்டலாம்.

அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் உறுப்புகளின் வடிவத்தைக் காட்டும் கருவி. கருப்பையில் கட்டி, சினைப்பையில் நீர்க்கட்டி, கருக்குழாயில் நீர் கோத்தல் போன்றவை அதில் புலப்படும். தசையின் இறுக்கமும் நரம்பின் எரிச்சலும் வழக்கமான ஸ்கேனில் புலப்படா. எண்டோமெட்ரியோசிஸ் என்னும் நோயை எடுத்துக்கொள்வோம். கருப்பையின் உள்வரியை ஒத்த திசு, கருப்பைக்கு வெளியே வளர்வதே இந்நோய். அது சினைப்பையில் பழைய இரத்தம் தேங்கிய கட்டியாக உருவெடுத்தால் ஸ்கேன் காட்டிக்கொடுத்துவிடும். வயிற்றறையின் உட்சவ்வின்மேல் கடுகளவும் மிளகளவுமாகத் தூவினாற்போல் இருந்தால் பெரும்பாலும் காட்டாது. இனப்பெருக்க வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழ 10 சதவீதத்தினருக்கு, அதாவது உலகெங்கும் சுமார் 19 கோடிப் பேருக்கு இந்நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. நோய் இன்னதென்று அறியவே பலருக்குப் பல ஆண்டுகள் ஆகின்றன.

ஆகவே ஒன்றுமில்லை என்ற சொல்லின் சரியான பொருள், இந்தப் படத்தில் தெரியக்கூடியது ஒன்றுமில்லை என்பதே. வலியில்லை என்பதன்று. அந்தச் சொல்லை அவசரமாகச் சொன்னவர்களில் எங்கள் துறையினரும் உண்டு, நாங்களும் சொல்லியிருக்கிறோம். நூறு பேர் காத்திருக்கும் காலை நேரத்தில் அது ஆறுதல் போலத் தோன்றும். கேட்பவருக்கோ, தாம் பொய் சொல்வதாகச் சொன்னது போல இருக்கும். வலி பற்றிய ஆய்வுக்கான பன்னாட்டுச் சங்கம் 2020ஆம் ஆண்டில் வலிக்கான வரையறையைத் திருத்தியது. திசுவில் சேதம் கண்டறியப்பட்டால்தான் வலி என்று அது சொல்லவில்லை. சேதத்தால் வருவதைப் போன்ற அனுபவமாக இருந்தாலே அது வலிதான். வலிக்கிறது என்று ஒருவர் சொல்வதை மதிக்க வேண்டும் என்பதும் அவ்வரையறையின் விளக்கக் குறிப்புகளில் உள்ளது.

இடுப்பினுள் கட்டிய தூளி

ஸ்கேனில் தெரியாத காரணங்களுள் மிகுதியும் கவனிக்கப்படாதது இடுப்புத்தளத் தசை. முன்புறம் மறைவிடத்துக்கு மேலுள்ள எலும்பிலிருந்து பின்புறம் வால் எலும்பு வரை, தூளி கட்டியது போல ஒரு தசைவிரிப்பு நம் எல்லாருடைய உடலிலும் உண்டு. சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் அதுவே தாங்குகிறது. சிறுநீர்த்தாரை, பிறப்புறுப்புப் பாதை, ஆசனவாய் மூன்றும் அதன் ஊடாகவே வெளிவருகின்றன. இருமும்போது அது இறுக வேண்டும். சிறுநீர் கழிக்கும்போது தளர வேண்டும். இறுகவும் தளரவும் தெரிந்திருப்பதே அதன் நலம்.

சிலருக்கு அது தளர மறந்துவிடுகிறது. பூப்பெய்திய நாள் முதல் மாதந்தோறும் வலியில் வயிற்றைச் சுருட்டிக்கொண்டு படுத்த பெண்ணுக்கு, ஆண்டுகள் செல்லச் செல்ல அந்தத் தசை எப்போதும் அரையிறுக்கத்திலேயே இருக்கப் பழகிவிடும். அடிக்கடி வரும் சிறுநீர்த் தொற்று, நாட்பட்ட மலச்சிக்கல், பழைய அதிர்ச்சிகள், அச்சம் ஆகியவையும் இதற்கு வழிகோலும். சிறுநீரை அடக்கும் வழக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். பள்ளியில் கழிப்பறை தூய்மையாக இல்லை என்பதற்காகக் காலை முதல் மாலை வரை அடக்கிய சிறுமி, பேருந்துப் பயணத்துக்கு அஞ்சித் தண்ணீரே குடிக்காத ஆசிரியை, துணிக்கடையில் இடத்தை விட்டு நகர இயலாத விற்பனைப் பெண் ஆகியோரை வாரந்தோறும் பார்க்கிறோம். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என 2021இல் தமிழ்நாட்டில் சட்டம் திருத்தப்பட்டது. நல்லது. நினைத்த நேரத்தில் கழிப்பறைக்குப் போகும் உரிமையும் அத்துடன் நடைமுறையில் சேர்ந்தால் எங்கள் வேலை சற்றுக் குறையும்.

உங்கள் கையை முட்டியாக மடக்கி ஐந்து நிமிடம் இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். விரல்களில் காயமில்லை, ஆயினும் முன்கை முழுவதும் கடுக்கும். இடுப்புத்தளத் தசை மாதக்கணக்கில் அவ்வாறு இருந்தால் அடிவயிறு, முதுகின் கீழ்ப்பகுதி, தொடையின் உட்புறம் எங்கும் வலி பரவும். வலி நீடிக்கும்போது தண்டுவடமும் மூளையும் அதைப் பன்மடங்கு கூர்மையாக உணரத் தொடங்குகின்றன. சிறுநீர்ப்பை பாதி நிறைந்தாலே வலியாகத் தோன்றுவதும், ஆடை உராய்ந்தாலே எரிவதும் இந்நிலையில்தான்.

உறவின்போது வரும் வலி

திருமணமாகிச் சில மாதங்களான பெண் வந்தமர்ந்து, "அடிவயிறு வலிக்கிறது", "வெள்ளைப் படுகிறது", "உடம்பு சூடு" என்று ஒவ்வொன்றாகச் சொல்லுவார். வெள்ளைப்படுதல் இயல்பானதாகவே இருக்கும். சிறுநீரில் கிருமி இராது. நீர்க்கடுப்பு என்று எண்ணி இளநீரும் வெந்தயமும் சாப்பிட்டிருப்பார். மருந்துக்கடையில் கேட்டு நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரைகளை நான்கு முறை விழுங்கியிருப்பார். தொற்றே இல்லாத இடத்தில் அம்மாத்திரைகள் செய்யக்கூடியது, நன்மை தரும் கிருமிகளை அழித்துப் பூஞ்சைத் தொற்றை வரவழைப்பது மட்டுமே. எழுந்து போகும் வேளையில், கதவருகே நின்று, "இன்னொன்று கேட்க வேண்டும்" என்பார். வந்த காரணம் அதுதான்.

உறவின்போது வலிக்கிறது, அல்லது உறவே நிகழ முடியவில்லை. கண்ணருகே தூசி வரும்போது இமை தானாக மூடிக்கொள்கிறது. மூடு என்று நாம் கட்டளையிடுவதில்லை. அதுபோலவே பிறப்புறுப்பின் வாயிலைச் சூழ்ந்த தசை, வலியை எதிர்பார்த்து, அவர் விருப்பத்தைக் கேளாமலே இறுகி மூடிக்கொள்கிறது. கணவர்மீது அன்பு இருந்தாலும் மூடும். ஆசை இருந்தாலும் மூடும். இந்நிலையை மருத்துவத்தில் வஜைனிஸ்மஸ் என்று அழைப்பது 19ஆம் நூற்றாண்டிலிருந்து வரும் வழக்கம். 2013இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் வெளியிட்ட நோய்ப் பகுப்பு, இதையும் உறவுவலியையும் ஒன்றாகச் சேர்த்தது. வலியினால் அச்சம், அச்சத்தினால் இறுக்கம், இறுக்கத்தினால் மேலும் வலி என ஒன்றையொன்று பிணைத்திருப்பவற்றைப் பிரித்தறிவது நடைமுறையில் கடினம்.

இந்த இறுக்கத்தைக் குடும்பங்கள் புரிந்துகொள்ளும் விதம்தான் எங்களை வருத்துகிறது. பெண்ணுக்கு விருப்பமில்லை என்பார்கள். வேறு யாரையோ மனத்தில் வைத்திருக்கிறாள் என்பார்கள். ஒத்துழைக்கவில்லை என்ற சொல்லைப் பரிந்துரைக் கடிதங்களிலேகூடப் பார்த்திருக்கிறோம். கணவரின் நிலையும் எளிதன்று. மனைவிக்கு வலி உண்டாக்கிவிடுவோமோ என்ற அச்சத்தில் அவருக்கே விறைப்பு குன்றிவிடுவதுண்டு. பிறகு குறை யாருடையது என்ற வழக்கு வீட்டில் தொடங்கும். ஆறாம் மாதம் முதல் "விசேஷம் ஏதும் உண்டா" என்ற கேள்வியும் வந்துவிடும். உறவே முழுமையாக நிகழாத தம்பதியர், அதை யாரிடமும் சொல்ல இயலாமல், குழந்தையின்மைக்கான ஊசிகளையும் பரிசோதனைகளையும் ஆண்டுக்கணக்கில் மேற்கொண்டு எங்களிடம் வந்திருக்கிறார்கள். உறவு எவ்வாறு இருக்கிறது என்று அவர்களை யாருமே கேட்டிருக்கவில்லை. கேட்பதற்கு ஒரு நிமிடமே போதும்.

திருமணமானால் மாதவிலக்கு வலி சரியாகும், குழந்தை பிறந்தால் உறவுவலி சரியாகும் என்ற அறிவுரையை மருந்தாகக் கொள்ள வேண்டாம். கருவுற்ற காலத்தில் மாதவிலக்கு நிற்பதால் எண்டோமெட்ரியோசிஸ் வலி சிலருக்குத் தணிவது உண்மை. பிறகு திரும்பவும் வரும். இறுகிய தசை பிரசவத்தால் தளரப் பழகுவதில்லை. தாய்ப்பாலூட்டும் மாதங்களில் ஈஸ்ட்ரோஜன் குறைந்து பிறப்புறுப்பு உலர்வதால் வலி கூடவும் கூடும்.

பரிசோதனை என்றால்

பலரை மருத்துவமனைக்கு வரவிடாமல் தடுப்பது உள்பரிசோதனை பற்றிய அச்சம். முதல் வருகையில் அது கட்டாயமில்லை. கேட்டறிவதிலேயே பாதி விடை கிடைத்துவிடும். உறவு கொண்டிராத பெண்களுக்கு வயிற்றின் மேற்புறமாகவே ஸ்கேன் எடுக்கிறோம். வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதிலும் செய்தி உண்டு. வலிக்கும் இடத்தில் விரலை அழுத்தியபடியே தலையைச் சற்று உயர்த்தச் சொல்கிறோம். வலி கூடினால் அது பெரும்பாலும் உள்ளுறுப்பினது அன்று. வயிற்றுச் சுவரின் தசையிலோ அதில் சிக்கிய நரம்பிலோ இருப்பது. அவ்விடத்தில் மரத்துப்போகும் ஊசி போட்டவுடனே ஈராண்டு வலி அடங்கக் கண்டிருக்கிறோம். வாயிற்பகுதியில் எரிச்சல் என்றால் பஞ்சு சுற்றிய குச்சியால் மெல்லத் தொட்டு, எந்த இடம், எவ்வளவு என்று கேட்கிறோம். தசையைச் சோதிக்க ஒரு விரல் போதும், கருவி வேண்டியதில்லை. நிறுத்துங்கள் என்று நீங்கள் சொன்ன கணத்தில் நிறுத்துவோம். பரிசோதனை முழுவதும் பெண் செவிலியர் ஒருவர் உடனிருப்பார்.

வேறு காரணங்களையும் தேடுகிறோம். உறவின் வழி பரவும் கிருமிகள் மேலேறிக் கருக்குழாயில் அழற்சி உண்டாக்கியிருந்தால் மருந்து விரைவில் தொடங்கப்பட வேண்டும், துணைவருக்கும் சேர்த்து. தாமதித்தால் குழாய் அடைபட்டுக் குழந்தைப்பேறு பாதிக்கப்படும். நம் நாட்டில் பிறப்புறுப்பின் காசநோயையும் மறந்துவிடலாகாது. இருமலே இல்லாமல் வலியும் மாதவிலக்குக் குறைவும் மட்டுமே அதன் அடையாளமாக இருக்கலாம். சிறுநீர்ப்பை வலி நோய், எரிச்சல் மிகு குடல் நோய் ஆகியவையும் அடிவயிற்று வலியாக வரும். ஒரே பெண்ணிடம் இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்திருப்பதும் அரிதன்று. எனவேதான் ஒரு கட்டியை அகற்றியும் வலி நீடிக்கிறது.

சிகிச்சை

தசை இறுக்கத்துக்கு முதன்மையான மருத்துவம் ஃபிஸியோதெரபி. இங்கே ஓர் எச்சரிக்கை. இடுப்புத்தளத்துக்குப் பயிற்சி என்றவுடன் பலரும் கெகல் பயிற்சியைச் சொல்வார்கள். கைப்பேசியிலும் அதுவே வரும். அது தளர்ந்த தசையை இறுகச் செய்யும் பயிற்சி. ஏற்கெனவே இறுகியிருப்பவர் அதைச் செய்தால் வலி கூடும். உங்களுக்கு வேண்டியது அதற்கு நேர்மாறானது: வயிறு புடைக்க மூச்சை இழுத்து, அம்மூச்சோடு தூளியைத் தாழவிடக் கற்பது. எளிதாகத் தோன்றும், கைவரச் சில வாரங்கள் ஆகும்.

உறவு நிகழ முடியாதவர்களுக்கு, விரலளவிலிருந்து படிப்படியாகப் பருமன் கூடும் விரிவாக்கிகளைத் தருகிறோம். அவற்றை வீட்டில், தாமே, தம் வேகத்தில், உயவுக்களிம்பு தடவிப் பழக வேண்டும். நோக்கம் பாதையை அகலமாக்குவதன்று. பாதை இயல்பான அளவிலேயே உள்ளது. ஒன்று உள்ளே வரும்போது வலிக்காமலும் இருக்கும் என்பதைத் தசைக்குக் கற்பிப்பதே நோக்கம். இக்காலத்தில் உறவு முயற்சியை நிறுத்திவைக்கச் சொல்கிறோம். ஒவ்வொரு தோல்வியும் தசைக்குப் பழைய பாடத்தையே மீண்டும் நடத்தும். அன்போடு தொடுதலுக்கும் அருகிருத்தலுக்கும் தடையில்லை. முயற்சி இல்லை என்று முடிவானதும் பல தம்பதியர் முதன்முறையாக நிம்மதியாக உறங்குகிறார்கள். சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை ஆகலாம். பொறுமையோடு தொடர்பவர்களில் பெரும்பாலோர் வலியின்றி இணைய முடிகிறது.

எண்டோமெட்ரியோசிஸ் என்ற ஐயம் வலுவாக இருந்தால், லேப்ராஸ்கோப்பி செய்து உறுதிப்படுத்திய பிறகே மருந்து என்று காத்திருக்க வேண்டியதில்லை என 2022இல் வெளியான ஐரோப்பிய வழிகாட்டுதல் தெளிவாக்கியது. மாதவிலக்கைக் கட்டுப்படுத்தும் ஹார்மோன் மாத்திரைகளைத் தொடங்கிப் பார்க்கலாம். திருமணமாகாத பெண்ணுக்குக் கருத்தடை மாத்திரையா என்று தாய்மார்கள் திடுக்கிடுவதுண்டு. இங்கே அது வலிக்கு மருந்து. நிறுத்தியபின் கருவுறும் திறன் திரும்பிவிடும்.

நரம்பு வலிக்கு அமிட்ரிப்டிலினைச் சிறிய அளவில் இரவில் தருவோம். மருந்துக்கடைக்காரரோ இணையமோ அது மனச்சோர்வு மாத்திரை என்று சொன்னவுடன், என் வலியைப் பைத்தியம் என்று நினைத்துவிட்டார்கள் எனப் பலர் அதை நிறுத்திவிடுகிறார்கள். அம்மருந்து குறைந்த அளவில் வலிச்செய்தியைத் தணிக்கும், அதற்காகவே தருகிறோம். எல்லா நரம்பு மாத்திரைகளும் எல்லாருக்கும் பயன்படும் என்றும் சொல்லவில்லை. காரணம் புலப்படாத அடிவயிற்று வலிக்குக் காபாபென்டின் வெற்று மாத்திரையைவிட மேலான பலன் தரவில்லை என்று 2020இல் வெளியான பிரித்தானிய ஆய்வு காட்டியது, பக்கவிளைவுகள்தாம் கூடின. ஆண்டுக்கணக்கில் அதை விழுங்கிவருபவர்கள் மருத்துவரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள். தாமாக நிறுத்த வேண்டாம்.

சிலரை உளவியல் ஆலோசகரிடமும் அனுப்புகிறோம். பழைய வன்முறையோ, இப்போது வீட்டில் நடக்கும் கட்டாயமோ வலியின் பின்னே இருக்கக்கூடும். இதற்காகவே எல்லாப் பெண்களிடமும் சிறிது நேரம் தனியாகப் பேசுகிறோம். மாமியார் வெளியே அமரும்படி கேட்டுக்கொள்ளப்பட்டால் அதை அவமதிப்பாகக் கொள்ள வேண்டாம். பதினெட்டு வயது நிறைந்த ஒருவர் எங்களிடம் கூறுவது அவர் இசைவின்றித் தாயிடமோ கணவரிடமோ செல்லாது. உதவி வேண்டுவோர் 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அழைக்கலாம்.

உடனே வர வேண்டிய வேளைகள்

நாட்பட்ட வலிக்கு முறையாக நேரம் பெற்று வரலாம். திடீரெனத் தோன்றும் கடும் வலி, வலியுடன் காய்ச்சல் அல்லது மயக்கம், மாதவிலக்கு தள்ளிப்போன நிலையில் வலியும் உதிரப்போக்கும், உறவுக்குப் பின் இரத்தக் கசிவு ஆகியவற்றுக்கு அவ்வாறு காத்திருக்கலாகாது. கருக்குழாயில் கரு தங்குவதும் சினைப்பை முறுக்கிக்கொள்வதும் சில மணி நேரத்தில் உயிருக்கோ உறுப்புக்கோ கேடு செய்பவை. திருமணமாகாத பெண் என்பதால் கருப் பரிசோதனையைக் கேட்கத் தயங்குவதும், கேட்டால் சினம் கொள்வதும் இவ்வேளையில் ஆபத்தானவை.

வரும்போது பழைய கோப்பு முழுவதையும் கொண்டு வாருங்கள். ஸ்கேன்களைத் திரும்ப எடுக்கும் செலவு குறையும். இரு மாதங்களுக்கு ஒரு சிறு குறிப்பேட்டில் வலித்த நாள், வேளை, பத்துக்கு எத்தனை என்ற அளவு, மாதவிலக்கு நாள், சிறுநீர், மலம், உறவு ஆகியவற்றோடு அதற்குள்ள தொடர்பு ஆகியவற்றை எழுதிவந்தால் பேருதவி. கணவர் வர இயன்றால் அவரையும் அழைத்து வாருங்கள். கதவருகே கேட்க நினைத்திருக்கும் கேள்வியை ஒரு சீட்டில் எழுதி, உள்ளே வந்தவுடன் எங்களிடம் நீட்டினாலும் போதும்.